பெயர் வெட்டிய டம்ளர், நடைவண்டி, ஒரு கட்டி களிமண்

அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன் என்பதால் டிசம்பர் பிறந்ததும் உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "சின்னப் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிறவர்கள். அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள், ஞானப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டாளம் இருக்கிறது. தலைக்கு 200 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே மளிகைப் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். அதனால் என் மனதில் இருப்பதை எல்லாம் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் என் சிறுவயதில் கிறிஸ்துமஸ் என்றால் புதுத் துணி, பலகாரம், நள்ளிரவுத் திருப்பலி. வண்ணத்தாள் சுற்றிய பெட்டி எங்கள் வீடுகளுக்குப் பிறகுதான் வந்தது. வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தன் பெயர் சொல்லி ஒருவர் பெட்டியை நீட்டும்போது மூன்று வயதுப் பிள்ளையின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை எந்தப் பிள்ளைக்கும் மறுக்கக் கூடாது. என் வருத்தம் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றியது. ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள் வருவதற்குள் கார் ஒரு பக்கம், அதன் சக்கரம் ஒரு பக்கம் கிடக்கிறது. பேசும் பொம்மை பேச்சை நிறுத்திவிடுகிறது. பேட்டரி மாற்றலாம் என்று பார்த்தால் மூடியின் திருகு கழலுவதில்லை. அரிசி வாங்கியிருக்க வேண்டிய பணம் அப்படிக் குப்பைக்குப் போகிறது.

நான் எதை வாங்கினாலும் அடுத்த கிறிஸ்துமஸ் அன்று அது எங்கே இருக்கும் என்று யோசிப்பேன். அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அல்லது அதற்கு அடுத்துப் பிறந்த பிள்ளையின் கைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடைசித் துணுக்கு வரை பயன்பட்டுத் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

இதில் முதலாவதற்கு நான் எப்போதும் சொல்வது பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பெயர் வெட்டுவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் கல்யாணங்களில் பரப்பி வைக்கும் சீர்ச் சாமான்களில் குடத்திலிருந்து கரண்டி வரை விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள், வெட்டியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய் ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தக் காலத்து ஆச்சியோ, அவர் பெயர் புள்ளி புள்ளியாக அதில் இருக்கும். நாங்கள் நகரத்தார் இல்லை. ஆனாலும் ஊர்ப் பழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. என் அம்மா வாங்கிய முதல் குக்கரில்கூட அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப் பரிசாகும் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் மையத்துக்கு வந்து பாருங்கள். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருந்தாலும், நெளிந்த தட்டு தன்னுடையது என்று ஒரு பிள்ளை அடையாளம் கண்டு வைத்திருக்கும். அதை வேறு யாராவது எடுத்தால் சாப்பிடாது. தனக்கென்று ஒரு பொருள் இருப்பது அந்த வயதில் அவ்வளவு பெரிய விஷயம். வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவி, பால் குடிக்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடம் போகும் முன்பே தன் பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளை கண்டுகொள்கிறது. சிலேட்டில் நாம் எழுதிக் காட்டும் 'அ'வை விட அது மனதில் நிற்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. விளிம்பு மடித்ததாக இருக்க வேண்டும். மடிக்காத விளிம்பு உதட்டைக் கீறும். இரண்டு கைகளுக்குள் அடங்கும் அளவு போதும். அடி அகலமாக இருந்தால் கவிழாது. பெயர் வெட்டுபவர் வழக்கமாக அடிப்பாகத்திலோ வாயோரத்திலோ சின்னதாக வெட்டிக் கொடுப்பார். பிள்ளை பார்க்கும் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தாக வெட்டச் சொல்லுங்கள். பிறந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரத்தை அங்கேயே வாங்கினால் பல கடைகளில் பெயர் வெட்டக் காசு வாங்குவதில்லை. வெளியே வாங்கிக் கொண்டுபோனால் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், அதுவும் பெரிய தொகை இல்லை. தை முகூர்த்தத்துக்குச் சீர் வாங்குகிறவர்களின் கூட்டம் மார்கழியிலேயே தொடங்கிவிடும் என்பதால் டிசம்பர் 15க்கு முன்பே போய்விடுவது நல்லது.

அடுத்தது நடைவண்டி. என் அப்பா தச்சர். ஒரு பழைய வீட்டில் கதவு வேலை செய்தபோது மிஞ்சிய தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, அண்ணன் நடை பழக அவர் செய்த வண்டி இன்னும் எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை நடந்துவிட்டால் வண்டி அடுத்துப் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும். கைப்பிடி தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது, சக்கரம் மாற்றியாகிவிட்டது, சட்டம் அப்படியே இருக்கிறது. யார் வீட்டில் இருக்கிறது என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிள்ளையை உள்ளே உட்கார வைத்துத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் வாக்கரை நடைவண்டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் பிள்ளை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. சொந்தக் கால் மேல் நிற்பதே இல்லை. வேகமாக ஓடிப் படியில் கவிழும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை இருக்கிறது. நம் நடைவண்டியில் பிள்ளை பின்னால் நின்று, சட்டத்தைப் பிடித்து, தன் காலால் நடக்கிறது. நின்றால் வண்டியும் நிற்கிறது.

புதிதாக வாங்கினால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எடை குறைந்த வண்டி பிள்ளை சாய்ந்ததும் முன்னால் ஓடிவிடும். அப்படிப்பட்டது கிடைத்தால் முன்சட்டத்தில் ஒரு சின்ன மணல் பையை இறுகக் கட்டிவிடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் சிமெண்டுத் தரையிலும் மரச்சக்கரம் வழுக்கும். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டினால் போதும். ஆணித் தலை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆசைப்படாதீர்கள். பல் முளைக்கும் பிள்ளை கைப்பிடியைத்தான் கடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்துக் கொடுங்கள், மரத்தின் நிறமே அழகு.

விலை 200 ரூபாய்க்குள் அடங்காதுதான். அதற்காகத்தான் கூட்டுச் சேரச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு அத்தை, சித்தி, பெரியம்மா, மாமா என்று ஐந்து பேர் ஐந்து சின்னப் பொம்மை வாங்குவதற்குப் பதில், ஐவரும் பணம் போட்டு ஒரு நடைவண்டியோ, கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால் ஒரு மூன்று சக்கர சைக்கிளோ வாங்கலாம். "தனியாக நான் ஒன்று கொடுத்தேன்" என்ற பெருமை போய்விடுமே என்று பெரியவர்கள்தான் தயங்குகிறார்கள். பிள்ளைக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

தீர்ந்துபோகும் பரிசுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை சாக்பீஸும் களிமண்ணும். ஒரு பெட்டி வண்ணச் சாக்பீஸ், ஒரு பழைய துணி. இரண்டையும் கொடுத்து "இந்தத் திண்ணை முழுவதும் உனக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். கிறுக்குவதற்கு அனுமதி கிடைப்பதே பிள்ளைக்குப் பரிசு. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். துடைப்பதையும் பிள்ளை விளையாட்டாகவே செய்யும். சிலேட்டு வாங்கினால் பலப்பத்துக்குப் பதில் சாக்பீஸே கொடுங்கள், பலப்பத்தைத் தின்னும் பழக்கம் எங்கள் மையத்துப் பிள்ளைகளிலேயே பலருக்கு உண்டு.

களிமண்ணுக்கு நம் சிவகங்கை மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டாம். கடம் செய்வதற்குப் பெயர் பெற்ற மானாமதுரை இங்கேதான் இருக்கிறது. அந்த ஊர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்தில் மண்பானை செய்பவர் யாரையாவது கேட்டால், பிசைந்து பதமாக வைத்திருக்கும் மண்ணில் ஒரு கட்டி தருவார். அதை ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கொடுங்கள். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் மறுபடி மண்ணாகிவிடும். முதல் நாள் பாம்பு, அடுத்த நாள் பணியாரம், பிறகு கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடுமாடு. பிள்ளை செய்த மாடு மாடாகத் தெரியாவிட்டாலும் குடிலில் அதற்கு இடம் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கிய சுரூபங்களுக்கு நடுவே தன் மாடு நிற்பதைப் பிள்ளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டும்.

குடில் என்றதும் முன்கூட்டியே கொடுக்கும் பரிசு ஒன்று நினைவுக்கு வருகிறது. குடிலுக்குப் பசும்புல் வேண்டும் என்று கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு கைப்பிடிக் கேழ்வரகு, ஒரு மண் தட்டு, சின்னப் பூவாளி ஒன்று, இவைதான் பரிசு. கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் ஈர மண் மேல் தூவி, மெல்லிய துணியால் மூடி வைக்கலாம். முளை விட்டதும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துத் தினம் தண்ணீர் தெளித்தால் திருநாளுக்குள் பச்சென்று நிற்கும். முளைப்பாரி வளர்க்கும் ஊர் இது. பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் கேட்டால் எவ்வளவு ஈரம் வேண்டும் என்று நம்மை விட நன்றாகச் சொல்வார். திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் பயிர் ஆட்டுக்குப் போகும். பூவாளி பிள்ளையிடமே இருக்கும். அடுத்து வெந்தயம், தண்டுக்கீரை என்று போட்டுக்கொண்டே போகலாம்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் வாங்குவதுதான். பாவாடை தைக்கும்போது உள்மடிப்பு இரண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பிள்ளை உயர உயரப் பிரித்துவிடலாம். ஜிகினாவும் மணியும் வைத்த உடுப்பு குத்துகிறது என்று பிள்ளை ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடும். பருத்தியே போதும். வீட்டில் பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் இரண்டு மூன்று அடுக்காக மடித்து ஓரம் அடித்து ஒரு சின்னப் போர்வை தைத்துவிடலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி அது. துவைக்கத் துவைக்க மென்மையாகும். அப்பத்தாவின் சேலை என்று சொல்லிக் கொடுத்தால் அதற்கு மேல் ஒரு பரிசு இல்லை.

புத்தகம் வாங்குகிறவர்கள் ஆங்கில எழுத்து அட்டைகளோடு நின்றுவிடுகிறார்கள். தமிழில் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல படப் புத்தகங்கள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா, பிரதம் புக்ஸ் ஆகியவை வெளியிடும் மெல்லிய கதைப் புத்தகங்களைப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் உள்ளதாக வாங்குங்கள். மெல்லிய தாள் கிழியும், பிள்ளை தின்னும். ஆனால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டால் அது அலமாரிக்குத்தான் போகும். அன்றைக்கே பிள்ளையை மடியில் வைத்து ஒரு முறை படித்துக் காட்டுங்கள், பக்கத்தில் பெரிய அக்கா யாராவது இருந்தால் அவள் கையிலும் ஒரு முறை கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் அதன் பிறகு அலமாரியில் நிற்காது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாளையே பரிசாகக் கொடுக்கலாம். அரையாண்டு விடுமுறையில் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். பிள்ளைகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போது பூ தெரிகிறது. அதைப் பார்க்கிற ஐந்து வயதுப் பிள்ளை, தான் தினம் உட்கார்ந்து சாப்பிடும் தரையை மறுநாள் குனிந்து உற்றுப் பார்க்கும்.

பொம்மையே வாங்க வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொப்புச் சாமான் வாங்குங்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைக்கும் வாங்குங்கள். எங்கள் மையத்தில் சொப்பை இறக்கினால் முதலில் சோறு பொங்க உட்காருகிறவர்கள் பையன்கள்தான். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. கடையில் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்தால் முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகும் எதுவும் பரிசு அல்ல. பொத்தான் வடிவப் பேட்டரி உள்ள பொம்மையைத் திருகு இல்லாத மூடியோடு வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கிய பேட்டரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். தண்ணீரில் ஊறி உப்பும் வண்ண ஜெல் உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் உப்பும். பல்லாங்குழி நல்ல விளையாட்டு, எண்ணவும் கற்றுக்கொடுக்கும், ஆனால் சோழியும் புளியங்கொட்டையும் ஐந்து வயதுக்கு மேல் போதும். அதற்குக் குன்றிமணி பொறுக்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குன்றிமணி நஞ்சு. அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.

பணமாகக் கொடுக்க நினைக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. 10 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதில் கட்டச் சொல்லிப் பெற்றோரிடம் கொடுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிர்கிறது. ஆனால் பாஸ்புத்தகத்தைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளை மகிழாது. கூடவே ஒரு பெட்டி சாக்பீஸையாவது கையில் கொடுங்கள்.

சுற்றிக் கொடுக்கும் ஜிகினாத் தாள் அரை நிமிடத்தில் கிழிகிறது. நான் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்கிறேன். செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு; ஓலையைக் கீறிச் சாயம் ஏற்றி நம் ஊர்ப் பெண்களே முடைகிறார்கள். சின்ன அளவுக் கொட்டான் விலை கட்டுப்படியாகும். பரிசை எடுத்த பிறகு சொப்பு, சாக்பீஸ், கூழாங்கல் எல்லாம் அதற்குள் போகும். விளையாட்டுச் சாமானை எடுத்து வைக்கவும் பிள்ளை பழகும்.

வாங்குவதற்கு முன் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்த ஆண்டு தேவகோட்டையில் இருக்கும் என் தங்கையிடம் கேட்டேன். "பொம்மை வேண்டாம் அக்கா, கை கழுவும் தொட்டிக்கு இவனுக்கு எட்டவில்லை, ஒவ்வொரு முறையும் நான்தான் தூக்க வேண்டியிருக்கிறது. ஏறி நிற்க ஒரு மணை செய்து கொடு" என்றாள். அப்பாவோடு வேலை செய்த தச்சர் ஒருவர் மரத்துண்டு வைத்திருக்கிறார், கூலி மட்டும் கொடுத்தால் போதும் என்றார். ஒரு சாண் உயரம், நாலு காலும் கொஞ்சம் வெளியே சாய்ந்து இருக்க வேண்டும், அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும், மேல்பலகையில் அவன் பெயரை உளியால் செதுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 20ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.